நடுக்கண்ணாடியில் நின்றுபோன வைப்பர்: ஒரு வேன் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்த கதை

பின்னணி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் பாதை ஏறக்குறைய 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இந்தப் பாதையில் ஓடும் வண்டிக்கு பிரேக்குக்கு அடுத்தபடியாக முக்கியமானது வைப்பர்தான். மழை நின்ற நேரத்திலும் மூடுபனி நிற்கும். வளைவுக்கு வளைவு கண்ணாடி மங்கும்.

இங்கே பதிவு செய்வது அந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்கும் ஒரு வேனைப் பற்றி. காலையிலும் மாலையிலும் எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும். நடுவில் சில்லறை வாடகை. உரிமையாளரே ஓட்டுநர். வண்டி பத்து வருடத்தைத் தாண்டியது. ஒரே மோட்டார், அதிலிருந்து லிங்க் கம்பிகள் வழியாக இரண்டு வைப்பர் கைகளும் ஆடும் பழைய அமைப்பு.

முந்தைய மழைக்காலத்திலேயே வைப்பர் மெதுவாகியிருக்கிறது. வேறோர் இடத்தில் காட்டி, பழைய சாமான் கடையில் எடுத்த ஒரு மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் மறுபடி அதே தளர்ச்சி. நடுவில் பியூஸ் போகத் தொடங்க, யாரோ பெரிய அளவு பியூஸைச் செருகிவிட்டார்கள். கடைசியில் ஒரு மாலை, பிள்ளைகளோடு இறங்கும்போது, வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டது. அவர் வண்டியை ஓரங்கட்டி, மூடுபனி விலகும்வரை காத்திருந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தார். மறுநாள் விடுமுறை. வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

வண்டி வந்தபோது கண்டது

உரிமையாளர் நேராகவே கேட்டார்: "போன வருசம் மாத்துன மோட்டாருங்க. அதுக்குள்ள போயிருச்சு. இன்னொண்ணு வாங்கிப் போட்டு உடுங்க."

"போடறது பெருசில்லீங்கண்ணா. இதை எது கொன்னுச்சுன்னு பாக்காமப் போட்டா அடுத்ததுக்கும் இதே கதிதான்."

அவர் சொன்னவற்றில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டோம். ஒன்று, கொட்டுகிற மழையில் ஓரளவு ஓடுகிறது, மூடுபனியிலும் தூறலிலும்தான் நிற்கிறது. இரண்டு, சுவிட்சை அணைத்தால் கை கீழே வந்து படுப்பதில்லை, அணைத்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மூன்று, நின்ற அன்று டேஷ்போர்டுக்கு அடியில் சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது.

முதல் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீர் நிறைய வழியும் கண்ணாடியில் ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும்; மோட்டாருக்கு வேலை குறைவு. பாதி ஈரம், பாதி காய்வு என்று இருக்கும் கண்ணாடியில் ரப்பர் பிடித்து இழுக்கும்; சுமை ஏறும். ஆக மூடுபனியில் மட்டும் நிற்கும் வைப்பர் என்றால், மோட்டாரின் வலு விளிம்பில் நிற்கிறது அல்லது சுமை ஏற்கெனவே கூடிப்போயிருக்கிறது என்று பொருள்.

பியூஸ் பெட்டியின் மூடியில் வைப்பருக்கு 15 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தது 25. பிளேடு வகை பியூஸில் 15 நீல நிறம், 25 நிறமற்றது. பார்த்த உடனே தெரிந்தது. பியூஸுக்குப் பின்னால் வரும் வயரின் உறை ஒரு சாண் நீளத்துக்கு இளகிப் பளபளத்திருந்தது. வாடை வந்த இடம் அதுதான்.

கண்ணாடியை நன்றாக நனைத்து, என்ஜினை ஓடவிட்டு, மெதுவான வேகத்தில் வைப்பரைப் போட்டோம். நிமிடத்துக்கு 20 தடவைதான் போய்வந்தது. இப்படிப்பட்ட மோட்டார் மெதுவான வேகத்தில் 40 முதல் 45 தடவை போய்வர வேண்டும். வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 9.5 ஆம்பியர். ஈரக் கண்ணாடியில் நான்கு, ஐந்து ஆம்பியருக்குள் முடிய வேண்டிய வேலை அது.

மோட்டாரா, வெளியிலா?

மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால் அதற்கு வர வேண்டியது வந்து சேர்கிறதா என்று பார்த்தோம். இது ஓடும்போது எடுக்க வேண்டிய அளவு. வயரைக் கழற்றி வைத்துக்கொண்டு மீட்டர் வைத்தால் எல்லா இடத்திலும் பேட்டரி வோல்ட் காட்டும். மின்னோட்டம் போகும்போதுதான் எங்கே விழுகிறது என்று தெரியும்.

பேட்டரி முனையில் 14.1 வோல்ட். பேட்டரி பிளஸ்ஸுக்கும் மோட்டார் சாக்கெட்டின் பிளஸ்ஸுக்கும் இடையே 1.1 வோல்ட் இழப்பு. பேட்டரி மைனஸுக்கும் மோட்டார் எர்த்துக்கும் (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) இடையே 1.7 வோல்ட். இரண்டும் சேர்ந்து 2.8 போக, மோட்டாருக்குக் கிடைத்தது 11.3 வோல்ட்தான். எர்த் பக்கம் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1.7 வோல்ட், 9.5 ஆம்பியர் என்றால் பதினாறு வாட் அளவு அந்த ஒரு எர்த் ஸ்குருவிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் எர்த் மட்டுமே பழுது என்றால் மோட்டார் இவ்வளவு கரண்ட் இழுக்காது. அதனால் அடுத்த படி, லிங்க்கை மோட்டாரிலிருந்து பிரிப்பது. மோட்டார் தண்டிலிருந்து லிங்க்கை ஆட்டும் கிராங்க் கையின் பந்து மூட்டை நெம்பிக் கழற்றினால் போதும். கிராங்க்கை மோட்டார் தண்டிலிருந்து எடுக்கக்கூடாது, எடுத்தால் பார்க்கிங் நிலை, அதாவது அணைத்ததும் கை வந்து படுக்கும் இடம், மாறிப்போகும். கண்ணாடியில் பிளேடு படுக்க வேண்டிய இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வைப்பர் நடுவில் நின்றிருக்கும் வண்டியில், சுவிட்ச் அணைந்திருந்தாலும், சாவி திறந்து மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாகவே பார்க்கிங் நிலைக்கு ஓடப் பார்க்கும். லிங்க்குக்குள் விரல் இருந்தால் அவ்வளவுதான். பேட்டரி மைனஸைக் கழற்றாமல் அந்தப் பகுதியில் கை வைக்கக்கூடாது. எங்கள் பட்டறைத் தம்பிகளுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

லிங்க் பிரிந்த பிறகு கைகளைத் தனித்தனியே ஆட்டிப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கத் தண்டு சுமாராகச் சுற்றியது. இடது பக்கத் தண்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. மோட்டாரை மட்டும் தனியாக ஓடவிட்டபோது 3.2 ஆம்பியர். சுமையில்லாமல் ஓடும்போது இரண்டுக்குள் இருக்க வேண்டியது. ஆகப் பழுது மூன்று இடத்தில்: இறுகிய தண்டு, கெட்ட எர்த், சோர்ந்த மோட்டார். இதில் முதல் இரண்டும்தான் மூன்றாவதை உண்டாக்கியிருக்கின்றன. போன வருடம் மாற்றிய மோட்டாரும் இதே தண்டைத்தான் இழுத்துக்கொண்டு ஓடியது.

மாற்றுவதா, பிரிப்பதா?

உரிமையாளருக்கு அவசரம் இருந்தது, நியாயமான அவசரம். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் காத்திருப்பார்கள். பழைய மோட்டார் ஒன்று அன்றே கிடைக்கும். புது ஒரிஜினல் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் சொல்லிவைத்து வர நாளாகும். பழைய மோட்டாரின் உள்நிலை யாருக்கும் தெரியாது, அதையும் பிரித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். அப்படியென்றால் கையில் இருப்பதையே பிரித்துப் பார்ப்பது மேல்.

பிரிப்பதற்கு முன்பே, எது கண்டால் கைவிடுவது என்று பேசி முடிவு செய்துகொண்டோம். உள்ளே சுற்றும் பகுதியான ஆர்மேச்சரின் காயில் கருகியிருந்தாலோ ஷார்ட் ஆகியிருந்தாலோ, அந்தக் காயில்களுக்குக் கரண்டை வாங்கித்தரும் செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டர் பள்ளம் விழுந்து செம்பு மெலிந்திருந்தாலோ, நைலான் பல்சக்கரத்தில் ஒரு பல் போயிருந்தாலோ, காந்தம் விரிசல் விட்டிருந்தாலோ மோட்டாரை மாற்றுவது. இவை நன்றாக இருந்தால் சர்வீஸ் செய்து போடுவது. முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டதால், பாதி வேலையில் "இவ்வளவு செய்தாகிவிட்டது, இதையும் ஒட்டவைத்துவிடலாம்" என்று மனம் இழுக்காது.

உள்ளே இருந்தது

மோட்டாரின் வெளிக்கூட்டையும் கியர் பெட்டியையும் சேர்த்து ஒரு கோடு கீறினோம். கூட்டை அரைச்சுற்று மாற்றிப் பொருத்த சில மோட்டார்களில் வழி உண்டு. அப்படிப் பொருத்தினால் காந்தத்தின் வட, தென் முனைகள் இடம் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். லிங்க் வழியாகப் போவதால் வைப்பர் வழக்கம்போல் துடைக்கும். வெளியே வித்தியாசம் தெரியாது. உள்ளே பல்சக்கரத்தைச் சுற்றும் திருகான வார்ம் தள்ளும் திசை மாறும், பார்க்கிங்குக்கான தொடர்பு விரல்கள் பல்சக்கரத்தின் மேலுள்ள தகட்டின் விளிம்பில் எதிர்த்து உரசும். ஒரு கோடு கீறினால் தீர்ந்துபோகும் தொல்லை இது.

ஸ்குருக்களை எடுத்து, கூட்டை நேராக இழுத்து எடுத்தோம். சுத்தியலால் தட்டவே கூடாது. உள்ளே இருக்கும் பெரைட் காந்தம் பீங்கான் மாதிரி, ஒரு தட்டில் கீறல் விடும். தண்டின் கடைசியில் இருக்கும் சிறிய எஃகுக் குண்டு கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. பட்டறைத் தரையில் விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம் என்பதால் உடனே ஒரு காந்தத் தட்டில் போட்டோம்.

கம்யூட்டேட்டரை உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகள் இருக்கும் பக்கம் முழுக்கக் கறுப்புக் களிம்பு. கார்பன் தூளும் கிரீஸும் கலந்து, கம்யூட்டேட்டர் பட்டைகளின் இடுக்குகளை நிரப்பி, கார்பன்களை அவற்றைத் தாங்கும் சட்டத்தில் ஒட்டவைத்திருந்தது. எர்த் பக்கக் கார்பன் ஏறக்குறைய சட்டம்வரை தேய்ந்திருந்தது. மெதுவான வேகத்துக்கானது பாதி. வேகமான ஓட்டத்துக்கான மூன்றாவது கார்பன் பெரிதாகத் தேயவில்லை.

கிரீஸ் எப்படி அங்கே வந்தது? கியர் பெட்டியைத் திறந்ததும் விடை கிடைத்தது. போன வருடம் சர்வீஸ் என்ற பெயரில் யாரோ சக்கர பேரிங் கிரீஸைப் பெட்டி நிறைய அழுத்தி அடைத்திருக்கிறார்கள். சூட்டில் அது இளகி, தண்டைத் தாங்கும் வளையமான புஷ் வழியாகக் கார்பன் பக்கம் கசிந்திருக்கிறது. மிச்சம் இருந்தது பழுப்பு மெழுகாக இறுகிப் பல்சக்கரத்தைப் பிடித்திருந்தது. மோட்டார் தனியே ஓடும்போதும் 3.2 ஆம்பியர் இழுத்ததற்கு இது ஒரு காரணம்.

ஆர்மேச்சரின் தண்டுக்கும் கம்யூட்டேட்டருக்கும் மீட்டர் வைத்தபோது சில கிலோ ஓம் காட்டியது. எர்த் ஆகிவிட்டது, தூக்கிப் போடலாம் என்று பலர் முடிவு செய்யும் இடம் இது. கார்பன் தூள் மின்சாரம் கடத்தும். களிம்பு இருக்கும்வரை அந்த அளவை நம்பக்கூடாது. காண்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷும் வைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மறுபடி அளந்தோம். தொடர்பே இல்லை. காயில் நன்றாக இருந்தது.

பட்டைக்குப் பட்டை காயிலைச் சோதிக்கச் சாதாரண மீட்டரின் ஓம் அளவு போதாது. காயிலின் தடை அவ்வளவு குறைவு. 12 வோல்ட்டோடு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக வைத்து, எதிரெதிர்ப் பட்டைகள் வழியாக மின்னோட்டம் செலுத்தி, அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளந்தோம். எல்லா ஜோடியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரு ஜோடியில் மட்டும் விழுந்திருந்தால் அந்தக் காயில் ஷார்ட், ஏறியிருந்தால் இணைப்பு விட்டிருக்கிறது. காந்தம் சேதமில்லை, பல்சக்கரம் முழுசு. முன்பே பேசிவைத்தபடி, மோட்டாரைச் சர்வீஸ் செய்வது என்று முடிவானது.

மூன்று கார்பனும் பார்க்கிங்கும்

இதை உரிமையாளருக்கும் விளக்கினோம். அவர் ஆர்வமாகக் கேட்டார். இங்கேயும் எழுதுவது பயன்படும்.

மோட்டார் சுற்றும்போது அதன் காயில்களுக்குள்ளேயே எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தம் உண்டாகும். அது பேட்டரியை எதிர்த்து நிற்பதால் கரண்ட் கட்டுக்குள் இருக்கும். தண்டு இறுகி மோட்டார் தளர்ந்தால் அந்த எதிர்ப்பு குறைந்து கரண்ட் ஏறும். முழுக்க நின்றுவிட்டால் எதிர்ப்பே இல்லை. கரண்ட் பல மடங்கு ஏறும். 15 ஆம்பியர் பியூஸ் போவது அந்த நேரத்தில்தான், போக வேண்டியதும் அப்போதுதான். 25 போட்டால் பியூஸ் நிற்கும், வயர் உருகும்.

மெதுவான வேகத்தில் மின்சாரம் எதிரெதிரே உள்ள இரண்டு கார்பன்கள் வழியாகப் போகும். வேகமான நிலையில், சற்றுத் தள்ளிவைத்த மூன்றாவது கார்பனுக்கு மாறும். அப்போது எதிர் மின்னழுத்தம் உண்டாக்கும் காயில் சுற்றுகள் குறைகின்றன. பேட்டரிக்கு ஈடுகொடுக்க ஆர்மேச்சர் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். அதனால்தான் வேகம் கூடும்போது இழுவை குறைகிறது. வைப்பர் திணறுகிறது என்று வேகத்தைக் கூட்டுபவர்கள் உண்மையில் மோட்டாரின் சிரமத்தைக் கூட்டுகிறார்கள்.

பார்க்கிங் வேலை பல்சக்கரத்தின் மேல் இருக்கும் பித்தளைத் தகட்டிலும் அதை உரசும் விரல்களிலும் நடக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு விரல் வழியாக மெதுவான கார்பனுக்கு பிளஸ் வந்துகொண்டிருக்கும். கை கீழே வந்ததும் தகட்டின் வெட்டு அந்த பிளஸ்ஸைத் துண்டித்து, அதே கார்பனை எர்த்தோடு சேர்த்துவிடும். இரண்டு பக்கமும் எர்த்தில் சேர்ந்த மோட்டார் ஒரு கணம் டைனமோவாகி, தன் கரண்டாலேயே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். இந்த வேனில் பிளஸ் விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே இறுகிய கிரீஸ் படலம். அதனால் அணைத்த இடத்திலேயே நின்றது.

செய்த வேலை

கம்யூட்டேட்டரை லேத்தில் வைக்கும் அளவுக்குப் பள்ளம் இல்லை. 400 நம்பர் உப்புத்தாளை ஒரு பட்டையாக வெட்டி, ஆர்மேச்சரைச் சுற்றிக்கொண்டே லேசாகத் தேய்த்ததில் கறுப்பு போய்ச் செம்பு தெரிந்தது. எமரி தாள் இதற்கு ஆகாது. அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனைத் தின்னும், இடுக்கிலும் சிக்கும். இடுக்குகளில் இருந்த களிம்பைத் தேய்த்து மெலிதாக்கிய ஹாக்ஸா பிளேடு துண்டால் கீறி எடுத்தோம். இடுக்கை ஆழப்படுத்தவில்லை.

கார்பன் விஷயத்தில் ஒரு பேச்சு எழுந்தது. சரியான அளவு கடையில் இல்லை. கிட்டத்தட்ட அதே அளவில் மிக்ஸி கார்பன் இருந்தது; பட்டறையில் ஒருவர் அதைத் தேய்த்துப் போடலாம் என்றார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். மிக்ஸி கார்பன் 230 வோல்ட்டுக்கானது, கரண்ட் குறைவு, கார்பனின் தடை அதிகம். 12 வோல்ட் மோட்டாருக்குச் செம்புத்தூள் கலந்த கார்பன் வேண்டும்; உடைத்துப் பார்த்தால் செம்பு மினுக்குவது தெரியும். மிக்ஸி கார்பன் போட்டால் மோட்டார் ஓடும், ஆனால் வோல்ட் கார்பனிலேயே விழும், சூடும் அங்கேயே ஏறும். பெரிய அளவில் கிடைத்த 12 வோல்ட் கார்பனை வாங்கித் தட்டையான அரத்தில் அளவுக்குத் தேய்த்தோம். சட்டத்தில் தானாக வழுக்கி இறங்கும் அளவு, ஆனால் ஆடாத அளவு.

கார்பனின் வாலான பின்னல் வயருக்கு ஈயம் வைக்கும்போது சின்ன நுணுக்கம் உண்டு. ஈயம் பின்னல் வயருக்குள் ஊறி மேலே ஏறினால் வால் கம்பி போல விறைத்துவிடும். கார்பன் தேயத் தேய ஸ்பிரிங்கால் அதைத் தள்ள முடியாது. வாலை மூக்குக் குறட்டால் இறுகப் பிடித்துக்கொண்டு, சூட்டைக் குறட்டு உறிஞ்சும்படி, முனையில் மட்டும் ஈயம் வைத்தோம். மூன்றையும் மாற்றினோம், மூன்றாவது தேயாதிருந்தும். கலப்பு வேறாக இருக்கும் கார்பன்களை ஒரே கம்யூட்டேட்டரில் ஓடவிட மனமில்லை.

புஷ்கள் எண்ணெய் ஊறும் வகை. அவற்றுக்கு கிரீஸ் வைத்தால் துளை அடைபடும். மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு ஊறவைத்தோம். கியர் பெட்டியைச் சுத்தமாகக் கழுவி, வெள்ளை லித்தியம் கிரீஸைப் பற்களிலும் வார்மிலும் மட்டும் பூசினோம். பார்க்கிங் தகட்டையும் விரல்களையும் துடைத்துப் பித்தளை தெரியும்படி தேய்த்தோம். மூடும்போது காந்தம் ஆர்மேச்சரை வெடுக்கென்று இழுக்கும். கார்பன்கள் நழுவாதபடி அவற்றை நூலால் பின்னுக்குக் கட்டிவைத்து, ஆர்மேச்சர் உட்கார்ந்த பின் நூலை உருவினோம். கடைசி ஸ்குருவில் தண்டின் முன்பின் ஆட்டம் விரலுக்குச் சற்றே தெரியும் அளவு விட்டு, லாக் நட்டை இறுக்கினோம்.

லிங்க்கும் எர்த்தும்

உண்மையான குற்றவாளி இடது தண்டு. அலுமினியக் கூட்டுக்குள் எஃகுத் தண்டு. மேலே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் வெடித்துப்போனதால் வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்து, எஃகு துருவாகி, இரண்டும் சேர்ந்து தண்டை நெரித்திருந்தது. உரிமையாளர் அவ்வப்போது மேலிருந்து டீசல் விட்டிருக்கிறார். ஒரு நாள், இரண்டு நாள் இளகும், அப்புறம் தூசியோடு சேர்ந்து முன்னைவிட இறுகும்.

மேலாக எண்ணெய் விட்டு ஆட்டி அனுப்பியிருந்தால் அன்றைக்கு ஓடியிருக்கும். அடுத்த மழையில் இதே மோட்டார் மறுபடி திணறியிருக்கும். தண்டை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப்பை எடுத்து, கூட்டை லேசாகச் சூடாக்கி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தண்டை வெளியே எடுத்தோம். தண்டையும் துளையையும் தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் பூசி, புது ஓ-ரிங் போட்டோம். வலது தண்டுக்கும் அதையே செய்தோம். இப்போது இரண்டும் ஒரு விரலில் சுற்றின. பந்து மூட்டுகளில் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. அதன் பிளாஸ்டிக் புஷ்ஷை மாற்றினோம்.

எர்த் வயர் பாடியில் ஒரு ஸ்குருவில் முடிந்திருந்தது. இந்த மோட்டார் ரப்பர் புஷ்ஷின் மேல் உட்காருவது. அதனால் அந்த ஒரு வயர்தான் அதற்கு எர்த். ஸ்குருவின் அடியில் துரு, அதன் மேல் எப்போதோ அடித்த பெயிண்ட். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வயர் முனையில் புது லக் அடித்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். இளகிய வயர்த் துண்டை வெட்டி அதே கனத்தில் புதியது சேர்த்தோம். பியூஸ் கிளிப்பைச் சுத்தம் செய்து 15 ஆம்பியர் பியூஸ் வைத்தோம். உரிமையாளர் பழைய 25-ஐ அவசரத்துக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, உதிரியாக இன்னொரு 15 கொடுத்தோம். பிள்ளைகள் ஏறும் வண்டியில் வயர் தீப்பிடிப்பதைவிட வைப்பர் நிற்பது மேல், நின்றால் ஓரங்கட்டலாம்.

பொருத்தியதும் அளந்ததும்

மேசையில் மோட்டார் தனியாக மெதுவான வேகத்தில் 1.8 ஆம்பியர், வேகமானதில் 2.6. பார்க்கிங்கும் சரியான இடத்தில் நின்றது. வண்டியில் பொருத்தி, கைகளை மாட்டாமல் முதலில் ஓடவிட்டு, பார்க்கிங்கில் நின்ற பிறகே டேப் குறியோடு பொருந்தும்படி கைகளை மாட்டினோம். பிளேடு ரப்பர்கள் விறைத்திருந்ததால் அவையும் புதியவை.

நனைத்த கண்ணாடியில் மெதுவான வேகத்தில் 4.2 ஆம்பியர், நிமிடத்துக்கு 44 தடவை. எர்த் பக்க இழப்பு 0.05 வோல்ட், பிளஸ் பக்கம் 0.3. பிறகு வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்து, பாதி காய்ந்த கண்ணாடியில் ஓடவிட்டோம். கரண்ட் ஆறைத் தொட்டது, வேகம் பெரிதாகக் குறையவில்லை. இந்த வண்டி நின்றதே அந்த நிலையில்தான் என்பதால், இந்தச் சோதனை இல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. செலவு என்று பார்த்தால் கார்பன், ஓ-ரிங், புஷ், லக், ரப்பர் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய், மிச்சம் கூலி.

அடுத்த சில வாரங்கள்

அந்த மழைக்காலம் முழுக்க வைப்பர் ஓடியது; பியூஸ் போகவில்லை. ஆனால் சில வாரம் கழித்து உரிமையாளர் வேறு ஒரு புகாரோடு வந்தார்: அணைத்த பிறகு சில நேரம் கை கீழே வந்து நிற்காமல் மறுபடி ஒரு சுற்று போய்விட்டு வருகிறது.

பிளஸ் விரலில் பழுது என்றால் நடுவில் நிற்கும். இது அதற்கு நேர்மாறு. எர்த் விரல் சரியாகத் தொடாததால் மோட்டாருக்குப் பிரேக் கிடைக்காமல், பார்க்கிங் வெட்டைத் தாண்டிப்போய் மறுபடி பிளஸ்ஸைப் பிடித்து ஓடுகிறது. மூடியைத் திறந்து பார்த்தபோது அந்த விரல் சூடுபட்டு நிறம் மாறி, வில் தன்மை இழந்திருந்தது. வளைத்துவிட்டால் கொஞ்ச நாள் நிற்கும். வளைக்கவில்லை, உடைந்த ஒரு பழைய மோட்டாரிலிருந்து நல்ல விரல்களோடு இருந்த மூடியை எடுத்து மாற்றினோம். அதன்பின் பார்க்கிங் தவறவில்லை.

மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை மோட்டாரைத் திறந்து பார்த்தோம். கார்பன் கம்யூட்டேட்டரில் நன்றாகப் பதிந்து, செம்பு ஒரே சீரான பழுப்பு நிறத்தில் இருந்தது. கார்பன் பக்கம் கிரீஸ் இல்லை.

இனி மாற்றிக்கொள்வது

வைப்பர் மோட்டார் சர்வீஸுக்கு வந்தால், பார்க்கிங் விரல்களைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் கம்பி முனையால் தூக்கிப் பார்ப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நிறம் மாறிய விரல் என்றால் மூடியோடு மாற்றிவிடுகிறோம். லிங்க்கைப் பிரித்துக் கைகளை ஆட்டிப் பார்க்காமல் எந்த மோட்டாரையும் மாற்றுவதில்லை. புது மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்து "போட்டு மட்டும் கொடுங்க" என்று கேட்டாலும் சரி.

மலைக்கு ஓடும் வண்டிகளுக்குப் பாதி காய்ந்த கண்ணாடிச் சோதனையைச் சேர்த்திருக்கிறோம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் மின்சக்தியால் இயங்கும் வைப்பர் கட்டாயம். இந்த வேன் எப்சி-யும் (தகுதிச் சான்று) வாங்கியிருந்தது. வெயில் நாளில், நின்ற இடத்தில் ஓடிக்காட்டிய வைப்பர்தான் வளைவில் மூடுபனிக்குள் நின்றது. அளந்த கரண்டையும் இரண்டு பக்க வோல்ட் இழப்பையும் வேலைச் சீட்டில் எழுதி உரிமையாளரிடம் கொடுக்கிறோம், அடுத்த முறை எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க.

இந்த உரிமையாளரிடம் சொன்னது: மே மாதம் பள்ளி விடுமுறையில் வண்டியைக் கொண்டுவாருங்கள், மழைக்கு முன்னால் தண்டுக்கு கிரீஸும் எர்த்துக்கு ஒரு மீட்டரும் வைத்துவிடலாம். அதற்கு அரை மணி நேரம் போதும்.